பட்டியில் எத்தனை

மார்கழி (டிசம்பர்) 3, புதன்

விடிந்ததிலிருந்து மழை. வட்டை முழுக்க வெள்ளம், வயல் எது வரம்பு எது என்று தெரியவில்லை. பட்டிக்குப் போகிற வழியில் சேற்றுக்குள் ஒரு செருப்பு போய்விட்டது. அண்ணனின் பெண்சாதி, என் மச்சாளுக்கு ஒரே சிரிப்பு.

மிருக வைத்தியர் கந்தோரிலிருந்து ஆள் வந்தார். இந்த முறை டொக்டர் பட்டிக்கே வந்து பார்ப்பதற்கு அரசாங்கம் காசு ஒதுக்கியிருக்கிறதாம். ஊசி, மருந்து, வாகனத்துக்கு டீசல், எல்லாம் அவர்கள் செலவு. நாங்கள் சொல்லவேண்டியது ஒன்றுதான், மாடு எத்தனை.

"ஒரு இருபது கிடக்கும்" என்றார் அண்ணன்.

இருபதாம்! தினமும் பால் அளந்து தயிர்ச் சட்டி அடுக்குகிற எனக்குத் தெரியாதா? ஆள் போனதும் பிடித்துக்கொண்டேன். "அண்ணன், என்ட வெள்ளச்சியும் கண்டுகளும் அந்த இருபதுக்குள்ளயா, வெளியிலயா?"

"பொத்து வாய. துவக்கத் தோள்ல போட்டு வந்தவன் எவனும் முதல் கேட்டது எத்தின மாடு எண்டுதான். பிறகு ரெண்ட அவிழ்த்துக்கொண்டுதான் போனவன். பேனையோட வாறவன் மட்டும் என்ன திறமா?"

அவர் சொல்வதும் பொய்யில்லை. போதாததற்குக் கண்ணூறு வேறு. உயிரோடு நிற்கிற பட்டியை எண்ணக்கூடாது. நானும் இந்தக் கொப்பியில் அந்தக் கணக்கை எழுதப்போவதில்லை.

மார்கழி 8, திங்கள்

மழை. பாதைப் படகு இரண்டு தரம்தான் வாவியைக் கடந்தது. ஆட்கள், மோட்டார் சைக்கிள், என் தயிர்ச் சட்டிகள், எல்லாம் ஒரே தட்டில். மூன்று சட்டி வெடிப்பு.

வாங்க: உப்பு, டோர்ச் பற்றரி, சுகந்திக்குச் சவர்க்காரம்.

சுகந்தி விடுதியிலிருந்து போன் எடுத்தாள். தாதிப் பயிற்சிக்குக் கூப்பிட்டால் அனுப்புவீங்களா அம்மா என்று கேட்கிறாள். அனுப்பாமல்? கடல் அவளுடைய அப்பாவையும் கல்லாற்று வீட்டையும் கொண்டுபோன பிறகு, நிவாரணக்காரர் தந்த ஒரு சினை நாகு, அவள்தான் வெள்ளச்சி. போன வருடம் செல் குண்டடிக்கு ஓடும்போது அவிழ்த்துவிட்டோம். முகாமிலிருந்து திரும்பி வந்து கூப்பிட்ட குரலுக்குக் காட்டிலிருந்து வந்து நின்றாள், கன்றோடு. அவளும் அவளுடைய பிள்ளைகளும்தான் என் மகளின் படிப்பு. வேறு ஒன்றும் கிடையாது.

ரேடியோவில் வன்னிச் சண்டை. அணைத்துவிட்டேன்.

மார்கழி 12, வெள்ளி

பாதைத் துறையில் தயிர் வாங்க வருகிற ஏறாவூர் ஹாஜியார் சொன்னார்: "தங்கச்சி, கொக்கட்டிச்சோலைப் பக்கம் மாடு தொண்ட வீங்கிச் சாகுதாம். காலையில நல்லா மேஞ்சது அந்திக்கு இல்லையாம். பாத்துக்கங்க."

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கெஞ்சினேன், கந்தோருக்குப் போய்ச் சரியான கணக்கைச் சொல்லுங்கள் என்று.

"இப்ப போய்ச் சொன்னா என்னப் பொய்யன் எண்டுவாங்க."

பொய்யன்தானே? தயிர்ச் சட்டி அடுக்கப் போய்விட்டேன்.

மார்கழி 16, செவ்வாய்

டொக்டர் வந்தார். இளம் பெண், பட்டணத்துப் பிள்ளை. வாகனம் புதைந்துவிட்டதாம். ஐஸ்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தது பாவம்.

பட்டியைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"ஐயா, இதா இருபது?"

அண்ணன் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டார்.

"நீங்க தந்த கணக்குக்குத்தான் எனக்குத் தடுப்பு மருந்து தந்தவங்க. மிச்சம் அடுத்த பட்டியாக்கள்ட. அதில கை வைக்க ஏலாது. திரும்ப எழுதுறன், ஆனா காசு வந்து மருந்து வர அடுத்த மாசம் ஆகும். இப்ப எதெதுக்குப் போடுற எண்டு நீங்களே பிடிச்சுத் தாங்க."

பட்டி அண்ணனுடையது. மற்ற மாடுகளில் சுட்ட குறி அண்ணனுடையது. நான் ஒட்டிக்கொண்டு இருக்கிறவள்.

அண்ணன் கயிற்றோடு உள்ளே போனார். முதலில் இழுத்துக்கொண்டு வந்தது வெள்ளச்சியை. பிறகு அவளுடைய நாலு பிள்ளைகளையும். அதன் பிறகுதான் தன்னுடைய பால்மாடுகள் பதினைந்து. என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மச்சாள் பார்த்தாள்.

உங்களுடையதற்கு முதலில் போடுங்கள் அண்ணன் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. வெள்ளச்சியின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மார்கழி 22, திங்கள்

மழை. மச்சாள் என்னோடு பேசவில்லை. சட்டி கழுவுகிற சத்தத்தில் எல்லாம் தெரிகிறது.

மார்கழி 26, வெள்ளி

கல்லாறு. கடல் அடித்து நாலு வருடம். சுகந்தியும் வந்தாள். காற்றுக்கு விளக்கு நிற்கவில்லை. சிரட்டைக்குள் வைத்துக் கொளுத்தினோம்.

பக்கத்தில் இரண்டு பெண்கள். "எங்கட வீட்டில மூண்டு." "எங்கட வீட்டில அஞ்சுகா." அடுத்தடுத்து எல்லோரும் கணக்குச் சொன்னார்கள். நானும் ஒன்று என்றேன். செத்ததைத் தாராளமாக எண்ணலாம், யாரும் தடுப்பதில்லை.

அந்திக்கு மச்சாளின் போன். ஒரே சொல்: "துவங்கிட்டு."

மார்கழி 28, ஞாயிறு

கழுத்து வீங்குகிறது, வாயால் நுரை, நாக்கை வெளியே தள்ளிக்கொண்டு மூச்சுக்கு இழுக்கிறது, விழுகிறது. அவ்வளவுதான். சினைமாடு, காளை, பால் மறவாத கன்று, ஒரு பாகுபாடும் இல்லை. டொக்டர் கையில் இருந்த மருந்தை எல்லாம் குத்திப் பார்த்தார், இரண்டு நாளும் எங்கள் வீட்டுச் சோறுதான். ஒன்றிரண்டு எழும்பி நின்றுவிட்டுப் பிறகு விழுந்தன.

ஊசி போட்டவை அசைபோட்டுக்கொண்டு நிற்கின்றன. வெள்ளச்சியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாட்டின் மேல் என்ன குற்றம்?

புதைக்கக் கிடங்கு வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறுகிறது. எரிக்கவும் ஈர விறகு. அண்ணன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி இழுத்தார்.

மார்கழி 30, செவ்வாய்

விடிய எழும்பி வெள்ளச்சியின் கடைசிக் கன்று இரண்டையும் கயிற்றோடு கொண்டுபோய் அண்ணனிடம் நீட்டினேன். "சுகந்திட படிப்புக்கு மிச்சம் மூண்டு காணும். இதுகளில உங்கட குறியச் சுடுங்க."

"கொண்டுபோய்க் கட்டு. குடுத்தத வாங்குறவன் நானில்ல."

மச்சாள் அடுப்படியில் இருந்து ஓவென்று அழுதாள். நானும்.

தை 6, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. நாற்றம் விடவில்லை.

கந்தோர் ஆள் வந்தார். நோயில் மாடு செத்தவர்களுக்கு அரசாங்கம் ஏதோ தரப்போகிறதாம். பதிவில் இருந்த தொகை, இப்போது நிற்கிற தொகை, கழித்து வருவது நட்டம். மாடுகளை ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினார். அண்ணன் தடுக்கவில்லை.

"பதிவில இருபது. நிக்கிறதும் இருபது." அந்த மனிதர் சந்தோசமாகவே சொன்னார். "உங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல ஐயா. குடுத்துவச்ச ஆள்."

ஐயோ, குழியைக் காட்டுங்கள் அண்ணன் என்று கத்தினேன். பதிவில் இல்லாத மாட்டுக்கு ஒன்றும் செய்ய ஏலாதாம். டொக்டர் எழுதியும் பார்த்தாராம், திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"விடு தங்கச்சி" என்றார் அண்ணன். "ஓம் ஐயா. இருபதுதான்."

செத்ததை எண்ணலாம். இருபத்தாறு.