பச்சை மக்கின் காது

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்கே தெரியும். நம் குட்டி உருண்டையின் தொடையில் போட்டிருந்த கட்டுத்துணியை அவிழ்த்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். தோல் இழுத்துக்கொள்ளுமா, தழும்பு தங்கிவிடுமா என்பதற்கு டாக்டர் இன்னும் வாய் திறக்கவில்லையாம். மூன்று வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் வர வேண்டுமா?

போன் இருக்கும்போது இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். மூன்று முறை உனக்குப் போன் செய்தேன். மூன்று முறையும் நான் ஆரம்பிப்பதற்கு முன்பே, "எல்லாம் என் புத்திகெட்டத்தனம்க்கா, சூடா காப்பிய வச்சுக்கிட்டு யாராவது பிள்ளைய பக்கத்துல விடுவாங்களா" என்று நீ அழ ஆரம்பித்தாய். அழாதே அழாதே என்று சொல்லிவிட்டு நானும் வைத்துவிட்டேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நானும் பாதியில் ஓட முடியாது.

இங்கே என் சனிக்கிழமை மண்பாண்ட வகுப்பு நடக்கிறது, பேருக்கு. நாலு சக்கரம், ஆறு பேர். அதில் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அவர் மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவதற்குள் சக்கரத்துக்கே தலை சுற்றிவிடும். பல் டாக்டரம்மா ஒருத்தி வருகிறாள். ஈறைத் தடவுகிற மாதிரி விளிம்பைத் தடவித் தடவி, கடைசியில் மக்கே இருக்காது. முன்பெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி உன் அத்தானோடு சிரிப்பேன். இப்போது வகுப்பு எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மக்கின் கைப்பிடியை நாங்கள் காது என்போம். ஐந்து வாரமாக நான் யாருக்கும் காது வைக்கச் சொல்லித் தரவில்லை. ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன். போன வாரம் பொறுமை போய், வாத்தியார் தானாகவே ஒரு காதை ஒட்டி, பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினார். மக் காய்ந்து வெளுத்திருந்தது, காது ஈரமாக இருந்தது. நான் அதைப் பிடுங்கிப் பழைய மண் வாளியில் போட்டு மிதித்தேன். "ஏம்மா, நல்லாத்தானே இருந்துது?" என்று அந்த மனுஷர் கேட்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே ஆறு பேரும் சத்தமில்லாமல் கை கழுவிக்கொண்டு போனார்கள்.

ஏன் மிதித்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். மக்கும் காதும் ஒரே பதத்தில் பாதி காய்ந்திருக்கும்போது, இரண்டு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தினால்தான் ஒட்டும். ஒன்று காய்ந்து ஒன்று ஈரமாக இருந்தால், ஈரமானது பிறகு சுருங்கி, ஒட்டின இடத்தில் மயிரிழை மாதிரி விரிசல் விடும். முதல் வகுப்பிலேயே நான் சொல்கிற பாடம் இது. நீ எடுத்துப் போனாயே, அந்தப் பச்சை மக், அதற்கு நான் காது வைத்த அன்று மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் நழுவி, மக் காய்ந்து போயிருந்தது. தெரிந்தே ஒட்டினேன். விரிசல் விட்டது. குழம்பை வைத்து அடைத்தேன். மேலே மெருகு பூசி, சூளையில் வெந்து வந்தபோது அது கண்ணைப் பறித்தது.

சூளையிலிருந்து எடுக்கும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். நல்லது மணி மாதிரி கணீர் என்னும். அது டொக் என்றது. சரி, பிரஷ் போட்டுவைக்க ஆகும் என்று ஜன்னலோரம் தள்ளிவைத்தேன்.

அன்றைக்குப் பார்த்து நீ வந்தாய். அலமாரி நிறைய இருந்தும் அதைத்தான் எடுத்தாய். "இத்தனை வருஷத்துல இப்பத்தான்க்கா உருப்படியா ஒண்ணு பண்ணியிருக்கே" என்றாய். பள்ளிக்கூடத்தில் எப்போதும் முதலாவதாக வந்த நீ, மண்ணில் விளையாடுகிறாள் என்று என்னை எல்லார் முன்னாலும் கிண்டல் செய்த நீ, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னாய். நான் அதை வாங்கி இன்னொரு தடவை தட்டினேன். "என்னக்கா, கதவத் தட்டுற மாதிரி தட்டுறே?" என்று சிரித்தாய். டொக் என்றுதான் கேட்டது. விரிசல் விட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ மெச்சியது அந்த ஒன்றைத்தான். நானே காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

குழந்தை துள்ளியதில் கை தவறிவிட்டது, மக் விழுந்து உடைந்தது என்று நீயும் நினைக்கிறாய், உன் மாமியாரும் ஊரெல்லாம் சொல்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோதும் மக்கின் காது உன் விரலில் மாட்டியிருந்தது என்று அம்மா தற்செயலாகச் சொன்னாள். கை தவறியிருந்தால் காது எப்படி உன் விரலில் இருக்கும்? உன் பிடி விடவில்லை. நான் ஒட்டியதுதான் விட்டது.

உன் அத்தானிடம் நேற்று சொன்னேன். "இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது, இருக்கிற உறவையும் ஏன் கெடுத்துக்கிறே" என்றார். எனக்கும் அப்படியே இருந்துவிட ஆசையாகத்தான் இருந்தது. எனக்கு என்னைக் கண்டாலே பிடிக்கவில்லை.

ஆனால் இன்று காலை அம்மா இன்னொன்று சொன்னாள். நீ உருண்டையைத் தொடுவதே இல்லையாம். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் மாப்பிள்ளையாம். அவள் கையை நீட்டிக்கொண்டு வந்தால், "எங்கிட்ட வராதே, அப்பாகிட்ட போ" என்று நீ சமையலறைக்குள் போய்விடுகிறாயாம். அவள் கதவருகே நின்று அழுகிறாளாம்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் காட்டு. உன் மாமியாருக்கு நீயே உரக்கப் படித்துக் காட்டு, ஒரு வரி விடாமல். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நீயும் சொல். இனிமேல் உன் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்று நீ சொன்னாலும் உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை. உருண்டை நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

உன் கையில் ஒரு தப்பும் இல்லையடி. அவளைத் தூக்கு.

இப்படிக்கு,
உன் அக்கா