மாலினிக்கு மட்டும் சொன்னது

பிரியமுள்ள அண்ணா,

மறுபடி பர் துபாயில் உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அண்ணி சாமான்களை மூட்டை கட்டுகிறாள். விசா உன் பேரில் இருந்தது. அடுத்த வாரம் அவளும் மாலினியும் திருச்சிக்குப் புறப்படுகிறார்கள்.

எழுபத்தாறாம் வருஷ லீவில் நான் கலிபோர்னியாவிலிருந்து வந்தபோது இந்த வீட்டில் பேச்சே இல்லை. "வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேசணும்" என்று மாலினியின் டீச்சர் சொல்லிவிட்டாராம். கட்டட வேலை சைட்டிலிருந்து வந்து நீ அவளிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவாய். அண்ணிக்கு அதுவும் வராது. பெற்ற பெண்ணுக்குச் சாடை காட்டிச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

காலேஜில் என்ன படிக்கிறாய் என்று கேட்டாய். சிகானோக்களைப் பற்றி, அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த மெக்சிகோ வம்சத்தவரைப் பற்றி, ஒரு வகுப்பு என்றேன்.

"நமக்கும் அவங்களுக்கும் என்னடி சம்பந்தம்? இதுக்கா அவ்வளவு தூரம் போனே?"

என் வகுப்புத் தோழி எலேனாவைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசினதற்கு அடி வாங்கியவள். பயந்துபோன பெற்றோர் வீட்டிலும் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அம்மாவும் அவளும் ஒரே சமையலறையில் நின்றாலும் பேச வார்த்தை கிடையாது. அந்த வகுப்புக்கு வந்த பிறகுதான் எலேனா ஸ்பானிஷை எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் உன் குரல் தமிழில் கேட்டது. "மாலு, எழுந்திருடி. இன்னும் பல் தேய்க்கலையா?" என் பேச்சினாலா, அண்ணியின் முகத்தைப் பார்த்தா? நான் கேட்கவே இல்லை.

போன மாசம் சைட்டில் சாரம் சரிந்து உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது உன் வாயில் ஒரு வார்த்தை இங்கிலீஷ் வரவில்லையாம். இடது பக்கம் வலிக்குது, தண்ணி வேணும் என்று நீ முனகினதையெல்லாம் மாலினிதான் டாக்டருக்கு இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள். கண்ணை மூடுமுன் கடைசியாக நீ சொன்னதை மட்டும் அவள் யாருக்கும் சொல்லவில்லை.

"அப்பா என்னடி சொன்னார்?" என்று நேற்றுக் கேட்டேன்.

"அது எனக்கு, அத்தை" என்றாள். தமிழில்தான்.

அந்தச் சிகானோ துறையிலேயே மேலே படிக்கப் போகிறேன், அண்ணா. இதனால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் உன் வீட்டைப் பற்றிச் சொல்வேன். மாலினியிடம் இனி அதைக் கேட்க மாட்டேன்.

உன்னோடு பிறந்தவள்,
சாந்தி