மலையை விட்டு இறங்கிய பின் மகளுக்கு

கல்முனைக்குடி,
20.04.1982

அன்பு மகள் சித்தி லைலாவுக்கு வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. இது ஊர்க்கதை அல்ல. கல்விக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கும் கனகரெத்தினம் நேற்று என்னைக் கூப்பிட்டுப் பட்டியலைக் காட்டினார், உன் பெயரை நானே வாசித்தேன். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம். உன் சுகத்தைப் போன கிழமை நேரில் வந்து பார்த்தும் உறுதியாக எழுத முடியவில்லை, நான் பார்த்தது திரைச்சீலையையும் அதற்குக் கீழே உன் கால்களையும்தான். பெற்ற வாப்பாவுக்குத் திரை இல்லை என்பது உன் மாமியார் வீட்டாருக்கும் தெரியும், ஆனால் முன்னறையில் மருமகனின் சிநேகிதர்கள் இருந்தார்கள், நான் புறப்படும்வரை ஒருவரும் எழும்பவில்லை.

பஸ் மகியங்கனை வளைவுகளில் இறங்கும்போது நீ வாழப் போன அந்த மலையூரைப் பற்றி நியாயமாக யோசிக்கப் பார்த்தேன். பத்திரிகைக்கு எழுதியே நரைத்தவன், ஒரு பக்கத்தை மட்டும் சொல்லக் கூடாது. பாங்கு சொன்னால் கடைகள் அடைபடுகின்றன, தராசில் பொய் இல்லை. தேத்தண்ணிக் கடையில் நான் மறந்து வைத்த குடையை ஒரு மனிதர் கொட்டும் மழையில் நனைந்தபடி கொண்டுவந்து தந்தார், அதை விரிக்கவில்லை. அவ்வளவு பேணுதல். அடுத்தவன் குடையை விரிக்கப் பயப்படுகிறவர்கள் அடுத்தவன் மகளின் படிப்பை நிறுத்தப் பயப்படவில்லை.

கடற்கரைப் பள்ளிக் கந்தூரியில் பங்கிட்ட நார்சா இனிப்பை உம்மா உனக்கென்று கட்டித் தந்திருந்தார். தர்காவில் நேர்ந்த பண்டம் என்று உன் மாமி அதைத் தொடவும் இல்லை, "இத நாங்க தின்டியல்ல, வெளியே வைங்க" என்றார். வைத்தேன், காகம் தின்றது. உம்மாவிடம் சொன்னபோது, "மலையில இரிக்கிறவங்க அல்லாஹ்வுக்குக் கிட்டவாமோ, கடக்கரையில கிடக்கிற நாங்க தூரமோ?" என்று கேட்டுவிட்டு அன்று சோறு தின்னவில்லை. அதையும் விழுங்கிக்கொள்வேன். விழுங்க முடியாதது மற்றது. இங்கே உன் பெயருக்குச் சீதனமாக எழுதிய வீடு பூட்டிக் கிடக்கிறது, மருமகனும் வந்து இருக்கலாம், அங்கிருந்தே நீ கலாசாலைக்கு பஸ்ஸில் போய் வரலாம், இடம் கிடைத்தால் அனுப்புவீர்களா என்று மருமகனிடமே கேட்டேன். அவர் சிநேகிதர்களைப் பார்த்துச் சிரித்தார். "பொண்டாட்டி ஊட்ல போய்க் குந்தச் செல்லியா மாமா? அதெல்லாம் ஒங்கட ஊரோட." சிநேகிதர் ஒருவர், "வளயலும் போட்டு அனுப்பவா?" என்றார். என் வாப்பாவும் நானும் அப்படிப் போய்க் குந்தியவர்கள்தான். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை எங்கே இருப்பார் என்று நாங்கள் கேட்கவே இல்லை. நம் கரையில் அதைக் கேட்கிறவர் யார்? தொழுகையாளியா என்று கேட்டோம், ஓம் என்றார்கள், அது உண்மைதான். இவ்வளவும் பேசப்படும்போது நீ திரைக்குப் பின்னால் நின்றாய்.

தபாலில் போட்டால் முதலில் யார் வாசிப்பார் என்று தெரியும், அதனால் இதை அங்கே கைத்தறிச் சாரம் விற்க வரும் மருதமுனை முத்தலிப் ஒரு சாரத்தின் மடிப்புக்குள் வைத்துத் தருவார். அல்லாஹ் உன் ஈமானையும் உடம்பையும் காப்பானாக. குளிருக்குக் காதை மூடிக்கொள். கலாசாலையில் சேரக் கடைசி நாள் மே பத்து, பிறகு இடம் அடுத்த பெயருக்குப் போகும். மருமகனின் சம்மதத்தை இனி நான் கேட்கப் போவதில்லை, உன்னுடையதைக் கேட்கிறேன். ஓம் என்றால் அந்த வாசலில் வந்து நிற்பேன். இல்லை என்றாலும் உன் வாயால் சொல்லு. முத்தலிப் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அங்கிருந்து ஊருக்கு பஸ் ஏறுவார், அதற்குள் பதிலை அவரிடம் கொடு.

உன் வாப்பா,
கச்சிமுகம்மது