சீழ்க்கைக் குருவியும் இரண்டு ஸ்பீக்கரும்

நுவரெலியா,
ஞாயிறு, மழை.

அன்பு மகள் சுலோஜினிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

பேர்த் நகரத்தில் நீயும் மாப்பிள்ளையும் சின்னவள் மிதுஷாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கச் சீதையம்மன் துணை நிற்கட்டும். இங்கே அம்மாவுக்கு முழங்காலைத் தவிர எல்லாம் சுகம், எனக்குப் பொறுமையைத் தவிர எல்லாம் சுகம். கையில் போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய், அந்தப் போனால்தான் இந்தக் கடிதம். வாரா வாரம் அம்மா அதைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள், நீ வாய்க்குள்ளேயே பேசுகிறாய், மாப்பிள்ளை பீப்பாய்க்குள் இருந்து பேசுகிறார், சின்னவளோ நாலு வயதாகியும் ஒரு வார்த்தை பேசாமல் எதையாவது மென்றுகொண்டே இருக்கிறாள். சாப்பிடுகிற பிள்ளையைப் போன் முன்னால் கொண்டுவந்து உட்கார வைக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அவ்வளவு பெரிய நாட்டில் ஒழுங்கான ஒரு லைன் கிடையாதா. அதனால்தான் நான் பாதியில் எழுந்து வெளியே போய்விடுகிறேன். கோபம் என்று நினைக்காதே, கோபம்தான், ஆனால் உன் மேல் இல்லை.

போன வாரம் நீ அம்மாவிடம் சொல்லிவிட்டதும் எனக்கு வந்து சேர்ந்தது. அப்பாவைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதைச் சோதித்துப் பாருங்கள் என்றாயாம். காட்டில் பறவைச் சத்தத்தைப் பிடித்து ஆட்களுக்குக் காட்டி, காதை வைத்தே சோறு தின்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது. அம்மாவும் உன்னோடு சேர்ந்து ஒத்து ஊதுகிறாள். நான் டிவியைக் கூட்டி வைக்கிறேனாம், பக்கத்து வீட்டு பெர்னாடெட் செய்தி கேட்க எங்கள் வீட்டு டிவியே போதும் என்கிறாளாம். லொறி ஹோர்ன் கேட்கிறது, கோயில் மேளம் கேட்கிறது, அம்மா அடுப்படியில் என்னைத் திட்டுவது கூடக் கேட்கிறது, பிறகு என்ன காதுக்குக் குறை. அதிலும் இந்தப் பேச்சு வந்த நேரம்தான் எனக்கு ஆத்திரம். போன சீசனில் பறவை பார்க்க வந்த வெளிநாட்டுக் குழுக்காரர்கள், வழிகாட்டி நிறையப் பறவைகளைத் தவற விட்டுவிட்டார் என்று கொழும்புக் கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். நாள் முழுக்க மழை பெய்தால் பறவை எங்கே வரும், அதை யாராவது எழுதினார்களா. கம்பெனித் தம்பி என்னைக் கூப்பிட்டு, “ஐயா, இந்தத் தடவை வாறவங்க சீழ்க்கைக் குருவியப் பாக்கன்னே வாறாங்க. அதக் காட்டாம அனுப்புனீங்கன்னா அடுத்த சீசன நான் உபாலிக்குத்தான் குடுக்கணும், மனசுல வச்சுக்காதீங்க” என்று சொன்னான். உபாலி யாரென்று உனக்குத் தெரியும், நம் வீட்டுக்கு வந்து பலாக்கொட்டைக் கறி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற பண்டாரவளைக்காரன். என்னைப் போலவே குழுக்களைக் கூட்டிப் போகிறவன், நல்லவன் வேறு, அவனைத் திட்டவும் முடியாது. அந்தக் குருவியோ விடியும் நேரத்தில் மட்டும் ஓடைப் பக்கம் வந்து, ஊசி போல மெல்லிசாக ஒரு சீழ்க்கை அடித்துவிட்டு ஒளிந்துகொள்ளும். சத்தத்தைப் பிடித்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும். என் பிழைப்பு இப்போது அதன் தொண்டையில் இருந்தது.

இனி வந்த ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன், கேள். குழுவுக்குப் பெரியவர் ஹோல்ரோய்ட் என்று ஒரு இங்கிலாந்துக்காரர். மூன்றாவது தடவையாக வருகிறார், மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டார், சீழ்க்கைக் குருவி மட்டும் அவருக்கு அகப்படவே இல்லை. அந்த மனிதர் ஊரில் இருந்து தேயிலைப் பொட்டலம் கொண்டு வந்திருக்கிறார் அம்மாடி. தேயிலை மலைக்கு நடுவில் நின்றுகொண்டு, “எனக்கு வெந்நி மட்டும் போதுங்க, டீ நம்மகிட்ட இருக்கு” என்று சொல்கிறார். என்னைப் பெற்ற உன் ஆத்தா கொழுந்து பறித்த மலையைக் காட்டினேன், நல்ல பச்சையாக இருக்கிறது என்றார். அடுத்தது ஒல்லாந்து தேசத்து ஹில்டா அம்மா. வான் வண்டியில் ஏறினதில் இருந்து வாய் மூடவில்லை. வீட்டில் வளர்க்கிற பூனைகளின் வியாதி ஒன்று விடாமல் எனக்கு மனப்பாடம். சிங்கராஜா காட்டுக்குள் போனதும் அட்டை ஏறுகிறது என்று ஒவ்வொருவரும் குனிந்து குனிந்து காலைப் பார்க்கிறார்கள், தலைக்கு மேலே செம்முகப் பூங்குயில் சோடியாக உட்கார்ந்திருக்கிறது, நிமிர ஆள் இல்லை. சப்பாத்தில் சவர்க்காரம் தேயுங்கள், அட்டை காலில் ஏறாது என்று முதல் நாளே சொன்னேன், வாசனை பிடிக்கவில்லையாம். தவளைவாயன் பறவை ஒன்று ஒரு கொப்பில் காய்ந்த இலை மாதிரி அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது, அதைக் காட்ட நான் பட்ட பாடு, அந்த மரம், இந்த மரம், இடது கை, உங்கள் இடது கை என்று தொண்டை வறண்டு போனது. நம் டிரைவர் விமலசிறி பொல் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, “அண்ணே, அதுக்கு ஒரு சிவப்புக் கொடி கட்டி விட்டுருங்க” என்று சிரித்தான். அவனுக்கென்ன, வானை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது. ஆனாலும் கீழ்க்காட்டில் குறை வைக்கவில்லை, நீல வால்காக்கைக் கூட்டமே கிடைத்தது. இதையெல்லாம் கண்ணால் பிடித்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மலைக்கு ஏறி, உச்சியில் இருக்கிற சமவெளிப் பாதையில் ஓடை வளையும் இடத்தில் இருட்டோடு போய் நின்றோம். குளிரில் ஹோல்ரோய்டின் பல் அடித்துக்கொள்கிறது. சீழ்க்கைக் குருவி தன் இடத்தில் இன்னொன்று கூவினால் சண்டைக்கு வரும், அதனால் பதிவு செய்த சத்தத்தைச் சின்ன ஸ்பீக்கரில் கொஞ்சமாக விடுவோம். எனக்கு அது அவ்வளவு பிடிக்காது, குருவியை ஏமாற்றுகிற வேலை, ஆனாலும் பிழைப்பு. ஒரு தடவை விட்டேன், கொஞ்ச நேரம் போனதும் வளைவுக்கு அந்தப் பக்கம் பதில் வந்தது. நல்ல தெளிவான பதில். என் காதுக்கென்ன என்று அந்த இடத்திலேயே உன்னையும் அம்மாவையும் மனதுக்குள் இரண்டு கேள்வி கேட்டுவிட்டேன். வாருங்கள் என்று கையைக் காட்டி மூங்கில் புதருக்குள் எல்லோரையும் இறக்கினேன். சேற்றில் முழங்கால் வரைக்கும் போகிறது, மறுபடி விடுகிறேன், மறுபடி பதில், முன்னைவிடக் கிட்ட. ஹில்டா அம்மா பின்னால் இருந்து என் சட்டையை இழுத்தார். பூனைக் கதை என்று நினைத்து வாயில் விரலை வைத்து அடக்கினேன். இன்னொரு தடவை இழுத்தார், கண்ணை உருட்டினேன், பாவம், அடங்கிவிட்டார். கடைசிப் புதரை விலக்கினால் எதிரே உபாலி, கையில் ஸ்பீக்கர், அவன் பின்னால் அவன் குழு. இரண்டு கூட்டமும் தூரக்கண்ணாடியைத் தூக்கி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. விமலசிறி பாதையிலேயே உட்கார்ந்து சிரித்தான். இதைவிட வெட்கக்கேடு ஒரு வழிகாட்டிக்கு உண்டா.

உபாலி ஒரு பகிடி விட்டான், “சந்தனம் அண்ணே, இப்புடிக் கூவிக்கிட்டே கிட்ட வந்தா நம்ம ரெண்டு பேருக்கும் கலியாணம்தான்” என்று. இரண்டு பக்கமும் சிரித்தார்கள். பிறகு அவன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். “அண்ணே, உங்க மெஷின் சத்தம்னு எனக்கு ரெண்டாவது தடவையே தெரிஞ்சிருச்சு. நிப்பாட்டச் சொல்லத்தான் வந்தேன். குருவி உங்க முதுகுப் பக்கம் அப்ப இருந்து கூவிக்கிட்டே இருக்கு, நீங்க அத விட்டுட்டு இங்கிட்டு வாறீங்க” என்றான். நான் ஹில்டா அம்மாவைப் பார்த்தேன். அவர் நாங்கள் வந்த திசையைக் காட்டி, “அததான் சொல்ல வந்தேன், நீங்க விடல” என்றார். அதற்குள் எல்லோர் முகமும் ஒரே பக்கம் திரும்பிவிட்டது, கோயிலில் தீபாராதனைக்குத் திரும்புகிற மாதிரி. ஹோல்ரோய்ட் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். எனக்கு ஓடைத் தண்ணீர் கேட்டது, என் நெஞ்சு அடிக்கிறது கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை சுலோ. ஸ்பீக்கர் தடித்த குரலில் கரகரத்தால் கேட்கிற எனக்கு, குருவி ஊசிக் குரலில் கூவினால் கேட்கவில்லை.

கண் மட்டும் பழைய கண்தான். பாசி பிடித்த கல்லுக்குப் பின்னால் நிழல் அசைந்ததை நான்தான் முதலில் பார்த்தேன், தொலைநோக்கியைத் திருப்பி ஹோல்ரோய்டின் தலையைப் பிடித்து வைத்தேன். கறுப்பும் நீலமுமாகப் பளபளத்துக்கொண்டு கல் மேல் ஏறி நின்றது. பார்த்துவிட்டு மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. நான் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றேன். அது கழுத்தை நீட்டி வாயைத் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது, மூடுகிறது. ஒரு சத்தமும் இல்லை. அதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது, எங்கே என்று பிடிபடவில்லை. உபாலி போகும்போது, “சேந்து போவோம் அண்ணே, நீங்க கண்ணு, நான் காது” என்றான். ஒன்றும் வேண்டாம் போடா என்று எரிந்து விழுந்தேன். கம்பெனித் தம்பிக்கு வாயெல்லாம் பல், அடுத்த சீசனும் எனக்குத்தானாம், ஹோல்ரோய்ட் அப்படிப் புகழ்ந்து எழுதியிருக்கிறாராம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

இன்றைக்குக் காலையில் வழக்கம் போல நீ கூப்பிட்டாய். சின்னவளைப் போன் முன்னால் உட்கார வைத்தாய், அவள் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தாள், மூடினாள். அப்போதுதான் எனக்குக் கல் மேல் நின்ற அந்தக் குருவி ஞாபகம் வந்தது. பிள்ளை எதையும் மெல்லவில்லை. போனை நிறுத்திவிட்டு, அவள் என்ன சொல்லிக்கொண்டிருந்தாள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல மாட்டேன். “இத இன்னைக்குத்தான் கேக்குறீங்களா. தாத்தா ஏன் எங்கூடப் பேசமாட்டேங்கிறாருன்னு அவ எத்தன மாசமாக் கேக்குறா. நான் சொல்ல வந்தா லைன் சரியில்லன்னு எந்திரிச்சுப் போயிருவீங்க” என்றாள். அதற்குப் பிறகுதான் நான் வெளியே போய் மழையில் நின்றது, நீ லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்திருப்பாய்.

ஆகவே நீ ஜெயித்தாய், ரொம்ப ஆட வேண்டாம். வெள்ளிக்கிழமை விமலசிறி வானில் கண்டிக்குப் போகிறேன், கம்பெனித் தம்பியிடமும் நானே உள்ளதைச் சொல்லப் போகிறேன், உபாலியோடு சேர்ந்து போவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீ குளிரில் ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே, மாப்பிள்ளையிடம் இரவில் கார் ஓட்டும்போது பார்த்து ஓட்டச் சொல். யாராவது அந்தப் பக்கம் வந்தால் நல்ல தேயிலை கொடுத்தனுப்புகிறேன், பொட்டலத் தேயிலை வாங்கிக் குடிக்காதே. உங்கள் மூவருக்கும் சீதையம்மன் நீண்ட ஆயுளும் நல்ல சுகமும் தரட்டும்.

ஒன்றே ஒன்று மறக்காதே. தாத்தாவுக்குப் பேச மனம் இல்லாமல் இல்லை, காதுதான் கேட்கவில்லை என்று சின்னவளிடம் சொல். இத்தனை மாதமும் அவள் என்னிடம் என்னவெல்லாம் சொன்னாள் என்று ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதி அனுப்பு, சின்னச் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றையும் விட்டுவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. சந்தனம்