பதினொரு மணி நேர்காணலும் பழைய லேப்டாப்பும்

என்னங்க,

நீங்கள் எழும்போது நான் பள்ளி வேனில் இருப்பேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு லேப்டாப்பைத் தொடுங்கள்.

சார்ஜரை நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று நேற்று சொன்னது தவறு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், பத்தொன்பது வோல்ட் வருகிறது. பேட்டரிதான் உப்பியிருந்தது. கழற்றி, வெளியே மணல் சட்டியில் வைத்திருக்கிறேன். திரும்பப் போட வேண்டாம். முதலில் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரைச் செருகி ஆன் செய்யுங்கள். ஆறு மணிக்குச் செய்து பார்த்தேன், வந்தது.

ஆனால் பேட்டரி இல்லாததால் கரண்ட் ஒரு நொடி குறைந்தாலும் அணைந்துவிடும். உங்கள் அப்பா கொட்டகையில் விசைத்தறிகளை ஓட்டியதும் இரண்டு முறை அணைந்தது. நேர்காணலின் நடுவில் அப்படி ஆனால்? எக்செல் சோதனையும் உண்டு, போனில் செய்ய முடியாது.

வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மாட்டியிருக்கிறேன்.

ஜெயப்பிரியா

பி.கு.: கோபப்படாதீர்கள். தறியை விட்டு வேறு வேலை தேடுவது அப்பாவுக்குத் தெரியக் கூடாது என்றீர்கள். தறியை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. காலையில் கொட்டகைக்குப் போய் அவரிடம் நேர்காணலைச் சொல்லிவிட்டேன். அவர் தறியின் பாவு நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பதனொன்னுக்குன்னா பத்தே முக்காலுக்கே நிறுத்திப்போடறேன். அவன எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லீட்டுப் போயி உக்காரச் சொல்லு சாமி” என்றார்.

போய்ச் சொல்லுங்கள். பன்னிரண்டு வரை எனக்கு வகுப்பு இருக்கிறது, போன் எடுக்க முடியாது.