இடப்பக்கம் ஆறாவது விலா

ஹார்லன் கிரீக், அயோவா
ஜனவரி 9

அன்புள்ள வாரன்,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. தபாலில் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. எங்கள் ஆஸ்பத்திரியை உங்கள் ஒமாஹா குழுமம் வாங்கியதிலிருந்து, கணினியில் எதைத் தட்டினாலும் யாரோ படிப்பது போல ஒரு பயம்.

வார்டு டாக்டர்கள் எல்லோரும் பிப்ரவரிக்குள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமாம். பதினேழு வருஷம் இதே வார்டில் குப்பை கொட்டினேன், இப்போது நான் ‘விண்ணப்பதாரர்’. விண்ணப்பத்தில் வாரியச் சான்றிதழுக்கு ஒரு கட்டம். நம் ஆஸ்டியோபதி வாரியத்தின் பெயரை எழுதினேன். கணினி சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிவிட்டது. “நம்மளது, மத்த டாக்டருங்களோடது, ரெண்டு வாரியப் பரீட்சையும் எழுதிடு டெல்லா” என்று நீ கல்லூரியிலேயே தலையில் அடித்துக்கொண்டாய். நம்முடையது போதாதா என்ற வீராப்பில் நான் எழுதவில்லை.

குழும அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். “ஆஸ்டியோபதின்னா முதுகு பிடிச்சு விடுறவங்கதானே மேடம்?” என்றாள் ஒருத்தி. “மத்த டாக்டருங்க படிக்கிற அத்தனையும் படிச்சிருக்கேம்மா. அதுக்கு மேல கையால உடம்பைப் பார்க்கவும் படிச்சேன்” என்றேன். “அதுக்குக் கட்டம் இல்லியே மேடம்” என்றாள்.

அடுத்த ஆஸ்பத்திரி எழுபது மைல். பனியில் தினமும் ஓட்ட முடியாது. என் வீட்டுக்காரர் ரேயின் சோயா நிலத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டும் போக முடியாது. இந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை, வாரன். முடிவு செய்யும் குழுவில் நீ இருக்கிறாய். என்ன செய்யட்டும், சொல்.

உன் ஆறாவது விலா எப்படி இருக்கிறது? கல்லூரி மேசையில் உன்னைக் குப்புறப் போட்டு நான் தொழில் கற்றதே அதில்தான்.

அன்புடன்,
டெல்லா


ஒமாஹா
ஜனவரி 20

அன்புள்ள டெல்லா,

கடிதத்தை வீட்டுக்கு அனுப்பினாயே, புண்ணியமாகப் போகட்டும். இனியும் வீட்டுக்கே எழுது.

வெளியே நிலவரம் நன்றாகத்தான் இருக்கிறது. வார்டு டாக்டருக்கு எங்கும் ஆள் பஞ்சம். பல இடங்களில் நம் பட்டத்தின் டி.ஓ. என்ற இரண்டெழுத்தை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. எங்கள் குழுத் தலைவர் விட்லாக்தான் பழைய காலத்து ஆள். போன வாரம் ஒரு விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்து, “நெட்டி முறிக்கிற காலேஜ்ல படிச்சிருக்கான்யா” என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

என் அட்டையில் ‘டாக்டர் கின்சர்’, அவ்வளவுதான். நான் மற்ற வாரியப் பரீட்சையும் எழுதியவன், அதனால் எங்கே படித்தாய் என்று பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. இப்போது தெரிந்தால் விட்லாக் என்னை எப்படிப் பார்ப்பார்?

பிப்ரவரியில் எங்கள் குழுவிலிருந்து டாக்டர் பிரென்டிஸ் என்ற அம்மா வந்து உன்னோடு வார்டு சுற்றுவார். ஸ்டெதாஸ்கோப்பைத் தவிர எதையும் நோயாளி மேல் வைக்காதே. கைகள் பாக்கெட்டில் இருக்கட்டும். கையெழுத்துக்குப் பின்னால் அந்த டி.ஓ.வையும் போடாதே. மற்றதை நான் பேசிக்கொள்கிறேன்.

விலா அதே இடத்தில் குத்துகிறது. இங்கே யாரிடம் காட்டுவது?

வாரன்


ஹார்லன் கிரீக்
பிப்ரவரி 14

அன்புள்ள வாரன்,

கெடுத்துவிட்டேன்.

பிரென்டிஸ் வந்தார். நீ சொன்னபடியே கைகளைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தேன். ஐந்து கட்டில்கள் தாண்டினோம். ஆறாவதில் ஓஸ்டர்கார்ட், பன்றிப் பண்ணைக்காரர், எண்பத்தொரு வயசு, நிமோனியா. இருமி இருமி நெஞ்சுக்கூடு இறுகிக் கிடந்தது.

“கைய ஏன் ஒளிச்சு வெச்சிருக்கே டாக்டரம்மா? எதையாச்சும் திருடிட்டியா?” என்றார். “நேத்து மாதிரி முதுகத் தூக்கிப் பிடி. மூச்சு வாங்கவே பயமா இருக்கு.”

அதற்கு மேல் எப்படி நிற்பேன்? மருந்தெல்லாம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. முதுகுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, விரல் நுனியில் விலாக்களைத் தூக்கினேன். ஐந்து நிமிஷம். பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் ஆழமாக மூச்சு விட்டார். “என் பன்னிங்களுக்குக்கூட நான் இவ்ளோ பாத்ததில்ல” என்றார்.

பிரென்டிஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை. “எங்க குழுவுல இது தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? கேட்டுப் பாக்கணும்” என்றார். உன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அது நீ சொல்ல வேண்டியது.

மூன்று நாளாகச் சோறு தண்ணி இறங்கவில்லை. நியாயம் பேச வேண்டாம், வாதாட வேண்டாம். அந்த அம்மா கேட்கும்போது “எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொல். அது போதும் எனக்கு.

டெல்லா


ஒமாஹா
மார்ச் 3

அன்புள்ள டெல்லா,

கிடைத்துவிட்டது! உத்தரவு இந்த வாரமே வரும். இரண்டு வருஷத்துக்குள் மற்ற வாரியப் பரீட்சையையும் எழுத வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

பிரென்டிஸ் கேட்டார். நான் பேசினேன். விட்லாக் முகத்தைச் சுளித்தார், நான் விடவில்லை. இனி நிம்மதியாகத் தூங்கு. ரேயைக் கேட்டதாகச் சொல்.

வாரன்


ஹார்லன் கிரீக்
மார்ச் 12

வாரன்,

உத்தரவு வந்தது. ரே அழுதுவிட்டார். வார்டில் நர்ஸுகள் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்தார்கள்.

விண்ணப்பித்தவர் கேட்டால் கூட்டக் குறிப்பைக் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பழைய ஆஸ்பத்திரியில் ஒரு விதி உண்டு. அதை இன்னும் நீக்கவில்லை. நீ பேசியதைப் படித்துவிட்டு, அந்த வார்த்தைகளுக்கே நன்றி எழுதலாம் என்று ஆசையாகக் கேட்டு வாங்கினேன்.

‘இம்முறையில் பயிற்சி பெற்றவர் இங்கு உண்டா என்று டாக்டர் பிரென்டிஸ் கேட்டார். டாக்டர் கின்சர்: எனக்குப் பழக்கமில்லை. டாக்டர் விட்லாக்: அந்த ஊருக்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை, ஆகவே நியமிக்கலாம்.’

அவ்வளவுதான் இருக்கிறது. நாலு தடவை படித்தேன்.

பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் புரிந்துகொண்டிருப்பேன். நானும் பயந்தவள்தானே. பேசினேன் என்று எனக்கு எழுதினாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது வேறொரு பயம் வந்திருக்கிறது. நேற்றுக் காலை ஒரு நோயாளியின் கட்டிலருகே நின்று பேசிக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் என் இரண்டு கைகளும் பாக்கெட்டில் இருக்கின்றன. எப்போது போட்டேன் என்றே தெரியவில்லை. பார்க்க அங்கே யாரும் வரவும் இல்லை. உனக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும் என்று தோன்றியது. உடனே கைகளை வெளியே எடுத்தேன்.

பரீட்சையை எழுதிவிடுவேன். உனக்கு இனி எழுத மாட்டேன், நீயும் எழுத வேண்டாம். பிரென்டிஸ் இந்த முறையைக் கற்றுக்கொள்ள அடுத்த மாதம் இங்கே வருகிறார். உன்னைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். அவர் திரும்பி வந்ததும் அந்த விலாவை அவரிடம் காட்டு.

இப்படிக்கு,
டெல்லா ஹாக்லண்ட், டி.ஓ.