ஆராயி அக்கா பக்கத்தில் போட்ட இலை

அன்பு மகன் இனியனுக்கு அம்மா எழுதுவது. அண்ணாமலையார் தயவில் நானும் அப்பாவும் சுகம். நீயும் நந்தினியும் அந்த ஊர்க் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இப்போதுகூட விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டேன். கோபத்தில் இருக்கிறவள் வேண்டிக்கொள்வாளா என்று கேட்காதே, பெற்றவள் வேண்டிக்கொள்வாள். ஒரு வாரமாக உன் போனை நான் எடுக்கவில்லை, எடுத்தால் அம்மா அம்மா என்று குழைந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். எழுதி போட்டோ எடுத்து அனுப்பலாமே என்றார் அப்பா. போட்டோ என்றாலே இப்போது எனக்கு ஆகவில்லை, மெதுவாகத் தபாலிலேயே வரட்டும். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது, ஆனால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் போண்டாவைத் தின்றுவிட்டு வந்து பசியில்லை என்கிறார். நீ ஒரு வார்த்தை அதட்டிச் சொல்.

செங்கம் ரோட்டில் நாங்கள் சமைத்துப் போடும் கொட்டகையைச் சித்திரைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் இடத்துக்காரர், வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் கட்டப்போகிறாராம். சொந்தமாக ஒரு கூடமும் குளிக்க ஒரு இடமும் கட்ட நிதி கேட்கலாம் என்று நீதான் யோசனை சொன்னாய். எங்கள் சங்கத்தைப் பதிவு செய்வதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. சென்னை அறக்கட்டளைக்கு இங்கிலீஷில் எழுதி வீடியோவும் செய்து அனுப்புவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ சொன்னதும், என் மகன் எழுதுகிறான் என்று என்னோடு சமைக்கும் சந்திரகலாவிடம் எத்தனை அலட்டிக்கொண்டேன் தெரியுமா. நம் பந்தி எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். கிரிவலப் பாதையில் ஆதரவில்லாமல் கிடப்பவர்களுக்குத்தான் சோறு, ஆனால் சமைத்த நாங்களும் அதே வரிசையில் கலந்து உட்கார்ந்துதான் சாப்பிடுவோம், யார் போட்டது யார் வாங்கியது என்று பார்ப்பவருக்குத் தெரியக்கூடாது. எந்த ஊர், யார் விட்டுவிட்டுப் போனது என்று யாரையும் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் அது காதோடு சரி.

ஆராயி அக்கா வந்த நாளிலிருந்து ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், கூட்டத்தில் மகனைத் தவறவிட்டுவிட்டேன், அடுத்த பௌர்ணமிக்கு வந்து கூட்டிப்போவான் என்று. நாங்களும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் பக்கத்தில் அந்த மகனுக்கென்று ஓர் இலை கூடப் போட்டு வைப்போம். கடைசியில் பசியோடு வருகிற யாராவது அதில் உட்கார்ந்துகொள்வார்கள். ஒருநாள் பாத்திரம் தேய்க்கும்போது என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அக்னி லிங்கத்தண்டை உட்கார வைத்து, டீ வாங்கி வருகிறேன் என்று போனவன் போனவன்தான், வரமாட்டான் என்று அவருக்கே தெரியும். அதை நான் உன்னிடம் சொன்னேன். சங்கத்துக்காகச் சொல்லவில்லை இனியா, மனசு தாங்காமல் பெற்ற பிள்ளையிடம் சொன்னேன்.

போன வாரம் அந்த அறக்கட்டளையிலிருந்து ஒரு அம்மாளும் ஒரு பையனும் பார்க்க வந்தார்கள். எல்லாரும் ஒரே வரிசையில் இருந்ததால் அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பயனாளிங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க என்று சொல்லி முதலில் சந்திரகலாவைத்தான் தட்டோடு போட்டோவுக்கு நிற்க வைத்தார்கள், நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். சிரித்த வாய் மூடுவதற்குள் அந்த அம்மாள் ஆராயி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, டீ வாங்கப் போறேன்னு சொல்லிட்டு உங்க பிள்ளை விட்டுட்டுப் போன அம்மா நீங்கதானே, வீடியோ பார்த்து அழுதுட்டேங்க என்று பந்தி முழுக்கக் கேட்கச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். போனில் அந்த வீடியோவையும் காட்டினார். பொங்கலுக்கு நீ வந்தபோது பெரியம்மா என்று பக்கத்தில் உட்கார்ந்தாயே, அவர் மல்லாட்டைக் கடலையை உரித்து உன் கையில் போட்டுச் சிரித்தாரே, அந்தச் சிரிப்புதான் ஓடியது. கைவிடப்பட்ட மூதாட்டி என்று நீ இங்கிலீஷில் எழுதியிருப்பதை அந்த அம்மாள் தமிழில் படித்துச் சொன்னார். பெரியம்மா என்று கூப்பிட்ட நீ எழுதியது.

ஆராயி அக்கா சத்தம் போடவில்லை. அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்து, என் புள்ள ஒருத்தருக்கும் சொல்லாம வுட்டுட்டுப் போனான் வேதா, உன் புள்ள ஊருக்கே சொல்லிட்டான் என்றார், அவ்வளவுதான். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி, சோறு குழைந்துபோச்சு என்று தினமும் என்னைத் திட்டுகிறவர், இப்போது இரண்டு கையையும் கூப்பி வாங்கிக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறார். அந்தக் கும்பிடு என்னைக் கொல்கிறது. நேற்றுப் பௌர்ணமி. வழக்கம்போல் கூட ஓர் இலையைப் போடக் குனிந்தேன், அத எடுத்துடு என்றார். எடுத்துவிட்டேன்.

உனக்கு விஷயத்தைச் சொல்லி அனுப்பியதற்கு, கதை இல்லாம யாரும் பணம் தர மாட்டாங்கம்மா என்று பதில் போட்டிருக்கிறாய். அது கதை இல்லையடா, அது அவருடைய மானம், என்னை நம்பி வைத்தது. கூடம் கட்டப் பணம் தர ஒப்புக்கொண்டார்களாம், வாசலில் ஆராயி அக்கா படத்தோடு போர்டு வைக்க வேண்டுமாம். நடந்தது நடந்துபோச்சு, கட்டடமாவது வரட்டுமே என்று சந்திரகலா அழுகிறாள், அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சித்திரைக்குப் பிறகு இத்தனை பேருக்கு எங்கே அடுப்பு மூட்டுவோம் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பணத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வீடியோவை நீக்கச் சொல்லி, ஆராயி அக்காவைக் கேட்காமல் செய்தது என்று நீயே அவர்களுக்கு எழுது. அதற்குப் பிறகும் தருவதாக இருந்தால் தரட்டும். வெளியாள் செய்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு மறந்திருப்பேன், நீ செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மப்ளர் இல்லாமல் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. நந்தினிக்கு என் அன்பு, அவளிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அண்ணாமலையார் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். போன மெசேஜில் ஆராயி அக்கா முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். இனிமேல் அவரைப் பற்றி எதையும் நான் உன்னிடம் சொல்வதாக இல்லை. ஊருக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரிடமே கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
வேதா